நூறு கோடியே பத்தாயிரம்

ராத்திரி 11.30 மணி. படுக்கையறைக் கதவைச் சாத்தி, கீழ் இடுக்கில் பழைய போர்வையைத் திணித்து, மின்விசிறியையும் நிறுத்திவிட்டு, வியர்வை சொட்டச் சொட்ட ஒருத்தன் சுவரைப் பார்த்துக் கேட்கிறான்: "வணக்கம் நண்பர்களே! போன பாடத்தில் என்ன பார்த்தோம், ஞாபகம் இருக்கிறதா?" பதிலுக்காக இரண்டு விநாடி காத்திருக்கிறான். பிறகு, "ஆமாம், அதேதான்" என்று தானே சொல்லிக்கொள்கிறான்.

சாதாரணமாக இந்த மாதிரி ஆட்களைக் குணசீலத்துக்கு அழைத்துப்போவார்கள். என் மனைவி கதவைத் திறந்து தலையை மட்டும் நீட்டி, "இன்னிக்காவது முடியுமா, முடியாதா?" என்றாள். அதுவும் ரெக்கார்ட் ஆகிவிட்டது.

விஷயம் இதுதான். நான் பி.காம். பத்திரிகைத் தொழிலில் இருபது வருஷமாகக் குப்பை கொட்டுகிறேன். பட்ஜெட் வந்தால் போன வருஷக் கணக்கு, அதற்கு முந்தின வருஷக் கணக்கு என்று காகிதங்களைப் பரப்பிவைத்துக்கொண்டு கால்குலேட்டரில் தட்டிக்கொண்டிருந்த ஜாதி. ஒரு கட்டத்தில் விரல் வலி தாங்காமல் பைத்தான் கற்றுக்கொண்டேன். பாம்பு இல்லை, ப்ரோக்ராமிங் மொழி. ராத்திரி ராத்திரி வீடியோ பார்த்துத்தான் படித்தேன். வேலைக்கு உதவுகிற அளவுக்கு வந்தது. அதை நாலு பேரிடம் பீற்றிக்கொண்டதுதான் தப்பு.

நண்பர் ஒருவர் பயிற்சி நிறுவனம் நடத்துகிறார். வந்து பிடித்துக்கொண்டார்.

"இன்ஜினியருக்கு இன்ஜினியர் சொல்லித்தர ஆயிரம் வீடியோ இருக்குய்யா. பி.காம். பசங்களுக்கு பி.காம். படிச்சவன் சொன்னாத்தான் ஏறும். தமிழ்ல, 24 பாடம். ஒவ்வொண்ணும் பத்து நிமிஷம். உக்காந்து பேசப்போற, அவ்வளவுதானே?"

அந்த அவ்வளவுதானேவை நம்பினேன்.

கம்ப்யூட்டர் திரையில் நடப்பதையும் நம் குரலையும் சேர்த்துப் பிடிக்க இலவச மென்பொருள் ஒன்று இருக்கிறது. ஓ.பி.எஸ். என்று பெயர். தமிழில் எழுதினால் ஒரு முன்னாள் முதல்வர் போல் தெரியும். அவருக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. ஆனால் இதுவும் அமைதியாகத்தான் வேலை செய்கிறது. பொத்தானை அழுத்தினால் ஒரு சின்ன சிவப்பு வட்டம் வரும். அது வந்த மறுநொடி எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும்.

எழுத்தை எவ்வளவு பெரிதாக்க வேண்டும் என்பதே தனிப் பாடம். பார்க்கிறவர்களில் முக்கால்வாசிப் பேர் செல்போனில்தான் பார்ப்பார்கள் என்று சொல்லியிருந்தார்கள். எனவே திரையில் பத்துப் பன்னிரண்டு வரிக்கு மேல் கொள்ளாத அளவுக்கு எழுத்தை ஊதிப் பெரிதாக்க வேண்டியிருந்தது. அப்புறம் சத்தம். சென்னையில் நிசப்தம் என்று ஒன்று கிடையாது என்பதை மைக் வாங்கிய பிறகுதான் தெரிந்துகொண்டேன். காலையில் காக்கை. அது ஓய்ந்தால் பக்கத்து வீட்டு குக்கர். அதற்கப்புறம் தண்ணீர் மோட்டார். ராத்திரி பத்தரைக்குக் குல்ஃபி வண்டி மணி. பதினொன்றுக்கு மேல்தான் தொழில் நடத்த முடியும். பத்து நிமிஷப் பாடத்துக்கு மூன்று மணி நேரம் ஆனது.

ஆனால் இதெல்லாம் ஒரு கஷ்டமே இல்லை. எதிரே முகம் இல்லை. அதுதான் கஷ்டம்.

கல்லூரியில் எனக்கு அக்கவுண்டன்சி எடுத்த வாத்தியார் வகுப்பில் யார் முகத்தையும் பார்க்கமாட்டார். பேனாக்களைத்தான் பார்ப்பார். நாங்கள் அறுபது பேர். எல்லாப் பேனாவும் ஓடிக்கொண்டிருந்தால் பாடம் ஓடும். நாலு பேனா நின்றால் போதும், அவரும் நின்றுவிடுவார். "என்ன, தேய்மானம் ஏன் இந்தப் பக்கம் வந்ததுன்னு புரியலையா?" என்பார். எப்படிக் கண்டுபிடித்தார் என்று எங்களுக்கு ஆச்சரியமாக இருக்கும். ஒருமுறை நானே கேட்டேன். "முகம் பொய் சொல்லும்டா. புரிஞ்ச மாதிரி தலையாட்டும். பேனாவுக்கு அந்தச் சாமர்த்தியம் கிடையாது" என்றார்.

என் படுக்கையறையில் பேனா இல்லை, முகம் இல்லை, தலையாட்டக்கூட ஆளில்லை. ஒரு ஜோக் சொன்னேன். நிசப்தம். சுவரில் மாட்டியிருந்த காலண்டர் முருகன் மட்டும் எப்போதும்போல் சிரித்துக்கொண்டிருந்தார். 1950களில் அமெரிக்கத் தொலைக்காட்சியில் சார்லி டக்ளஸ் என்கிற ஒலிப் பொறியாளர் விதவிதமான சிரிப்புகளை நாடாவில் பிடித்துவைத்து, வேண்டிய இடத்தில் வேண்டிய சிரிப்பைச் சேர்ப்பதற்கு ஓர் இயந்திரமே செய்தார். சபையில்லாமல் எடுத்த காமெடித் தொடர்களெல்லாம் அந்தச் சிரிப்பில்தான் பிழைத்தன. சிரிப்புக்கு இயந்திரம் வந்துவிட்டது. 'சார், புரியல' என்கிற முகத்துக்கு ஏன் யாரும் செய்யவில்லை என்று அந்த ராத்திரிகளில் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

முகம் இல்லாவிட்டால் முதலில் கெட்டுப்போவது வேகம். எதிரில் ஆள் இருந்தால் அவன் புருவம் நம்மைப் பிடித்து இழுக்கும். இல்லையென்றால் இறக்கத்தில் விட்ட சைக்கிள்தான். அடுத்தது குரல். மூன்றாவது நிமிஷத்தில் எனக்கே தெரியாமல் செய்தி வாசிக்க ஆரம்பித்துவிடுவேன்.

நம் ஊருக்கு இது புதிதும் இல்லை. 1984இல் தூர்தர்ஷனில் யு.ஜி.சி. நிகழ்ச்சிகள் தொடங்கின. பள்ளி விடுமுறையில் மதிய நேரத்தில் டிவியைப் போட்டால் யாராவது ஒரு பேராசிரியர் நம்மைத் தாண்டி எங்கோ பார்த்துக்கொண்டு இங்கிலீஷில் பேசிக்கொண்டிருப்பார். கார்ட்டூன் வராதா என்று பார்த்துக்கொண்டே இருப்பேன், வராது. அந்த மனிதர் அவ்வளவு விறைப்பாக ஏன் இருந்தார் என்பது முப்பது வருஷத்துக்கு மேல் கழித்து, என் வீடியோவை நானே போட்டுப் பார்த்தபோதுதான் புரிந்தது. பாவம், அவருக்கும் எதிரே யாரும் இருந்திருக்கமாட்டார்கள்.

2020இல் ஊரடங்கு வந்தபோது இந்த அவஸ்தை ஊருக்கே பொதுவாகிவிட்டது. 2019இல் ஆரம்பித்த கல்வித் தொலைக்காட்சிக்கு அப்போது திடீர் கிராக்கி. கேமரா முன்னால் நின்ற ஆசிரியர்களும் சரி, செல்போனில் கறுப்புக் கட்டங்களைப் பார்த்துப் பாடம் எடுத்தவர்களும் சரி, 'கேக்குதா? கேக்குதா?' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்களே, ஞாபகம் இருக்கிறதா? காது கேட்கிறதா என்பதற்காகவா அப்படிக் கேட்டார்கள்? அந்தப் பக்கம் மனுஷன் இருக்கிறானா என்றல்லவா கேட்டார்கள்.

சரி, இதில் ஜெயித்தவர்கள் என்ன செய்தார்கள் என்று தேடிப் படித்தேன். சல்மான் கான் (நடிகர் அல்ல, கான் அகாடமிக்காரர்) 2004இல் நாடியா என்கிற தன் உறவுக்காரப் பெண்ணுக்குத் தொலைபேசியில் கணக்குச் சொல்லித்தர ஆரம்பித்தார். இன்னும் சில உறவுக்காரப் பிள்ளைகள் சேர்ந்துகொண்டதும், 2006இல் அதையே வீடியோவாக எடுத்து யூட்யூபில் போட்டார். நேரில் சொல்லித்தருவதைவிட வீடியோவில்தான் நீ நன்றாக இருக்கிறாய் என்று அந்தப் பிள்ளைகள் சொன்னதாக அவரே மேடையில் சொல்லிச் சிரித்திருக்கிறார். யோசித்தால் நியாயம்தான். ஒரே விஷயத்தை நாலாவது தடவையாக நேரில் கேட்கக் கூச்சமாக இருக்கும். வீடியோவிடம் நாற்பது தடவை கேட்கலாம்.

2011இல் ஸ்டான்ஃபோர்டின் செபாஸ்டியன் த்ரன், பீட்டர் நார்விக் இருவரும் செயற்கை நுண்ணறிவுப் பாடத்தை இணையத்தில் இலவசமாக நடத்தினார்கள். சேர்ந்தவர்கள் 1,60,000 பேர். முடித்தவர்கள் 20 ஆயிரத்துக்கும் மேல். ஆனால் லட்சம் பேர் இருக்கிற மைதானத்தில் பேசுவதுபோல் அவர்கள் பேசவில்லை. ஒரு மேஜை, ஒரு காகிதம், ஒரு பேனா, எதிரே ஒரு சிநேகிதன். அவனுக்கு மட்டும் எழுதிக் காட்டுவதுபோல் எடுத்தார்கள். இந்த மாதிரி இணையப் பாடங்களில் 69 லட்சம் தடவை வீடியோ பார்க்கப்பட்டதை ஆராய்ந்து ஃபிலிப் குவோவும் அவரது கூட்டாளிகளும் 2014இல் எழுதிய கட்டுரையும் இதையேதான் சொல்கிறது. ஆறு நிமிஷத்துக்குள் இருந்தால்தான் ஜனங்கள் நகராமல் பார்க்கிறார்கள். செலவு செய்து ஸ்டூடியோவில் எடுத்ததைவிட, வாத்தியார் தன் மேஜையில் உட்கார்ந்து சகஜமாகப் பேசியது நன்றாக எடுபடுகிறது.

ஆக, எதிரே ஒரே ஓர் ஆள் வேண்டும். யாரை உட்காரவைப்பது?

முதலில் அடுக்குமாடி வாட்ச்மேனை அழைத்துவந்தேன். நல்ல மனிதர். நான் சொன்ன ஒவ்வொன்றுக்கும் 'ஆமாங்க சார்' என்று தலையாட்டினார். ஏழாவது நிமிஷத்தில் தூங்கிப்போனார். குறட்டை மிகத் துல்லியமாகப் பதிவாகியிருந்தது.

அப்புறம்தான் பரண் ஞாபகம் வந்தது. கொலுப் பெட்டியிலிருந்து செட்டியார் பொம்மையை இறக்கினேன். தொந்தியும் துண்டுமாக, முன்னால் அரிசி பருப்பு பரப்பிக்கொண்டு உட்கார்ந்திருப்பாரே, அவர்தான். பி.காம். பாடத்துக்கு அவரைவிட்டால் வேறு யார் பொருத்தம்? திரைக்குப் பக்கத்தில் வைத்துவிட்டு, "செட்டியாரே, வேரியபிள்னா உங்க கடை டப்பா மாதிரி. மேலே பேர் ஒட்டியிருக்கும். உள்ளே இன்னிக்குத் துவரம்பருப்பு, நாளைக்கு உளுந்து" என்று ஆரம்பித்தேன். குரல் இறங்கியது. செய்தி வாசிப்பு போய்ப் பேச்சு வந்தது.

ப்ரோக்ராமர்களுக்கு இந்த வித்தை பழக்கம்தான். 1999இல் வந்த 'தி ப்ராக்மாடிக் ப்ரோக்ராமர்' என்கிற புத்தகத்தில், எழுதிய ப்ரோக்ராமில் எங்கே தப்பு என்று தெரியாவிட்டால் அதை இன்னொருவருக்குப் படிப்படியாக விளக்கச் சொல்லியிருக்கும்; அந்த வித்தைக்கு ரப்பர் வாத்தின் பெயரையே வைத்திருக்கிறார்கள். விளக்கிக்கொண்டே வரும்போது நம் தப்பு நமக்கே தெரிந்துவிடும். அவர்களுக்கு வாத்து, எனக்குச் செட்டியார்.

24 பாடங்களும் முடிந்தன. எடிட் செய்கிற தம்பி கெட்டிக்காரன். என் 'அது வந்து'களையும் இருமல்களையும் தடுமாற்றங்களையும் தப்பாகத் தட்டியதையும் வழித்தெடுத்துவிட்டு, தேன்மாதிரி ஆக்கிக் கொடுத்தான். போட்டுப் பார்த்தால் அந்த ஆளுக்கு எல்லாம் தெரிந்திருந்தது. ஓர் இடத்தில்கூட அவன் திணறவில்லை. எனக்கே அவன்மேல் மரியாதை வந்தது.

நிற்க.

என் அக்கா மகள் கும்பகோணத்தில் பி.காம். இரண்டாம் வருஷம். அத்திம்பேருக்குச் சின்னதாக ஒரு ஜெராக்ஸ் கடை. பெண் கெட்டிக்காரி. ஆனால் கம்ப்யூட்டர் என்றால் ஒரு பயம். முதல் ஆளாக அவளுக்குத்தான் இந்தப் பாடங்களைப் பார்க்க ஏற்பாடு செய்து கொடுத்திருந்தேன். 'பாக்கறேன் மாமா' என்றாள். ஒரு மாசம் பேச்சே இல்லை. பார்த்துக்கொண்டிருக்கிறாள் என்று நினைத்துக்கொண்டேன்.

ஒருநாள் அக்கா போன் செய்தாள். "டேய், இவ என்னமோ படிப்பு முடிஞ்சதும் வேலைக்கெல்லாம் போகலேங்கறா. இந்தக் காலத்துல எல்லா வேலைக்கும் கம்ப்யூட்டர் கேக்கறாளாம், அது தன் மண்டைக்கு ஏறாதாம். கல்யாணம் பண்ணிவைன்னு அவளே சொல்றாடா. நீ என்னத்தையாவது சொன்னியா?"

எனக்குத் தூக்கிவாரிப்போட்டது. அடுத்த வாரமே ஒரு காதுகுத்துச் சாக்கில் கும்பகோணம் போனேன். காபி குடித்தபிறகு மெதுவாகக் கேட்டேன். தலையைக் குனிந்துகொண்டாள்.

"மூணாவது பாடத்துல நின்னுட்டேன் மாமா. நீங்க செய்யறதைத்தான் செஞ்சேன். உங்களுக்கு வருது, எனக்கு வரலை. ஆறு தடவை பார்த்தேன்."

"என்கிட்டே கேக்கறதுதானே?"

"நீங்க அவ்ளோ ஈஸியா செய்யறீங்க. இதுகூடத் தெரியலையான்னு நினைப்பீங்க."

அவளது பழைய லேப்டாப்பைத் திறக்கச் சொல்லிப் பக்கத்தில் உட்கார்ந்தேன். மூன்றாவது பாடம். மாசச் சீட்டுப் பணம் எவ்வளவு என்று கம்ப்யூட்டர் கேட்க வேண்டும். நாம் 10000 என்று தட்ட வேண்டும். அது இரண்டு மாசத்துக்குப் பெருக்கிச் சொல்ல வேண்டும். விடை 20000. இவ்வளவுதான் ப்ரோக்ராம்.

அவள் தட்டினாள். விடை வந்தது: 1000010000.

100 கோடியே 10 ஆயிரம் ரூபாய்.

சிரிப்பதற்கு முன்னால் எனக்கு வயிற்றில் புளியைக் கரைத்தது. ஏனென்றால், இந்த எண்ணை நான் ஏற்கெனவே பார்த்திருக்கிறேன். ரெக்கார்ட் செய்த ராத்திரி எனக்கும் இதேதான் வந்தது!

காரணம் எளிது. பைத்தானில் இன்புட் என்று போட்டு எதைக் கேட்டு வாங்கினாலும், அதை அது எழுத்தாகத்தான் வாங்கிக்கொள்ளும். நாம் 10000 என்று எண்ணைத் தட்டினாலும் அதற்கு அது ராமசாமி என்பது மாதிரி ஒரு பெயர். ராமசாமியை இரண்டால் பெருக்கு என்றால் என்ன செய்யும்? ராமசாமிராமசாமி. 10000த்தை இரண்டால் பெருக்கு என்றால் பக்கத்துப் பக்கத்தில் இரண்டு தடவை எழுதிவைக்கும். இது எண்தான், பெயர் இல்லை என்று சொல்ல, இன்ட் என்று முன்னால் போட்டு அடைப்புக்குறிக்குள் வைக்க வேண்டும். அதிலும் கொடுமை, இங்கே சிவப்பெழுத்தில் பிழை என்றுகூட வராது. தப்பான விடையைக் கம்ப்யூட்டர் சர்வ சாதாரணமாகக் கொடுத்துவிட்டு அடுத்த வேலைக்குத் தயாராக நிற்கும்.

அன்றைக்கு நான் இன்ட் போட மறந்தேன். 100 கோடி வந்தது. 'அடடா' என்றேன். செட்டியாரைப் பார்த்து அசடு வழிந்தேன். திருத்தினேன். மேலே போனேன். இந்த அடடாவிலிருந்து திருத்தம் வரைக்கும் மொத்தத்தையும் எடிட்டிங்கில் எடுத்தாயிற்று. அதனால் என் குரல் பழைய வரியைச் சொல்கிறது. கண் சிமிட்டும் நேரத்தில் திரையில் புது வரி இருக்கிறது. அந்த இன்ட் எங்கிருந்து முளைத்தது என்று யாரும் சொல்லவில்லை. அவள் காதால் கேட்டுத் தட்டியிருக்கிறாள். வாத்தியார் வாய் பொய் சொல்லாது என்கிற நம்பிக்கைதான்.

வகுப்பறையாக இருந்தால் என்ன ஆகியிருக்கும்? கடைசி பெஞ்சிலிருந்து ஒருத்தன், "சார், எனக்கு 100 கோடி வருது" என்று கத்தியிருப்பான். வகுப்பே சிரித்திருக்கும். அரை நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். 1986இல் எம்.ஐ.டி.யின் ஏபல்சன், சஸ்மன் என்கிற இரண்டு பேராசிரியர்கள் ஒரு கம்ப்யூட்டர் கம்பெனி ஊழியர்களுக்கு நடத்திய ப்ரோக்ராமிங் வகுப்பு வீடியோவாக இருக்கிறது. இன்றைக்கும் அதைத் தேடிப் பார்க்கிறார்கள். அதில் அவ்வப்போது யாராவது சந்தேகம் கேட்பார்கள். இத்தனை வருஷம் கழித்து வீட்டில் தனியாக உட்கார்ந்து பார்க்கிறவனுக்கு அந்தக் குரல் பெரிய ஆறுதல். அப்பாடா, நமக்கு மட்டும் இல்லை.

என் வீடியோவில் அந்த அப்பாடாவுக்கு இடமே இல்லை. இருந்த ஒரே ஒரு தப்பும் என்னுடையது. அதையும் வெட்டியாயிற்று. அந்தத் தப்பு அந்தப் பெண்ணின் தலையில் போய் உட்கார்ந்துவிட்டது. ஆறு தடவை பார்த்து, தனக்கு மூளை இல்லை என்கிற முடிவுக்கு அவள் வந்திருக்கிறாள்.

இதில் வெட்கம் என்னவென்றால் நான் படித்தது பி.காம். அக்கவுண்டன்சியில் 'பிழைகளைத் திருத்துதல்' என்று ஓர் அத்தியாயமே உண்டு. தப்பு வரும், வராமல் இருக்காது, வந்தால் எங்கே தேடுவது என்பதற்காகவே எழுதிய அத்தியாயம். ட்ரையல் பேலன்ஸ் டேலி ஆகாவிட்டால் அந்தப் பேனா வாத்தியார் பதறவேமாட்டார். "எவ்வளவு இடிக்குது? 45ஆ? ஒன்பதால வகுபடுதா பாரு. வகுபட்டா ரெண்டு இலக்கத்தை மாத்திப் போட்டிருப்பே. 72ஐ 27னு எழுதியிருப்பே. இல்லேன்னா வித்தியாசத்துல பாதி எங்கேயாவது இருக்கா தேடு. பற்று வைக்க வேண்டியதை வரவுல வெச்சிருப்பே" என்பார். வேண்டுமென்றே பலகையில் தப்பாகப் போட்டுவிட்டு, எங்களோடு சேர்ந்து தேடுவார். எனக்குக் கணக்கு வந்ததே அந்தத் தேடலில்தான். அவர் சரியாகப் போட்ட கணக்கு ஒன்றுகூட எனக்கு இன்றைக்கு ஞாபகம் இல்லை.

செட்டியார்மேல் பழி போடுவதற்கில்லை. வாத்தாகட்டும் பொம்மையாகட்டும், பேசுகிறவனுக்குத்தான் உதவும். அது குழம்பாது. அதன் கையில் பேனா இல்லை, நிற்பதற்கு.

ஊர் திரும்பிய பிறகு இன்னொரு விஷயம் கவனத்துக்கு வந்தது. பம்பாய் ஐ.ஐ.டி.யில் ஸ்போக்கன் டுடோரியல் என்று ஒரு திட்டம் இருக்கிறது. இலவச மென்பொருள்களைச் சொல்லித்தருகிற சின்னச் சின்ன வீடியோக்கள். தமிழ் உள்பட பல இந்திய மொழிகளில் குரல் மாற்றியும் தருகிறார்கள். எங்கேயோ ஒரு கல்லூரியில், பக்கத்தில் வாத்தியார் இல்லாமல் தனியாகக் கற்றுக்கொள்கிற பையனுக்காகவே செய்வது. அங்கே நேராக மைக் முன்னால் போய் உட்காரமாட்டார்கள். முதலில் சொல்லப்போவது அத்தனையையும் எழுதிக்கொள்வார்கள். எழுதியதை அந்த விஷயமே தெரியாத ஒருவரிடம் கொடுத்து, இதில் உள்ளபடி செய்து பார் என்பார்கள். அவர் எங்கே முட்டிக்கொள்கிறார் என்று பார்த்துத் திருத்திய பிறகுதான் குரல் பதிவு. எனக்கு அதைப் படித்தபோது பேனா வாத்தியார்தான் ஞாபகத்துக்கு வந்தார். வகுப்பில் நிற்கிற பேனாவை, வகுப்பு தொடங்குவதற்கு முன்பே நிறுத்திப் பார்த்துவிடுகிறார்கள்.

நண்பரிடம் போனேன். மூன்றாவது பாடத்தைத் திரும்ப எடுக்க வேண்டும், தப்போடு எடுக்க வேண்டும் என்றேன்.

"தப்போடவா? காசு கொடுத்துப் பாக்கறவன் என்னய்யா நினைப்பான்?"

"மூணாவது பாடத்துக்கு மேல எத்தனை பேர் போயிருக்கான்னு பாருங்க" என்றேன்.

பார்த்தார். எத்தனை பேர் எந்தப் பாடம் வரை வந்திருக்கிறார்கள் என்று காட்டுகிற கோடு ஒன்று கம்ப்யூட்டரில் இருந்தது. மூன்றாவது பாடத்தில் அது மாடிப்படியில் உருண்ட மாதிரி விழுந்திருந்தது. என் அக்கா மகள் மட்டுமில்லை. முகமே தெரியாத எத்தனை வீட்டுப் பிள்ளைகளோ! நண்பர் கொஞ்ச நேரம் பேசவில்லை. "சரி, எடு" என்றார்.

மறுபடி எழுதினேன். இந்தத் தடவை எழுதியதை முதலில் கும்பகோணத்துக்கு அனுப்பினேன். "நீ எனக்கு உபகாரம் பண்ணு. எங்கெங்கே நிக்கிறியோ அங்கங்கே ஒரு கோடு போட்டு அனுப்பு" என்றேன். சொல்லித்தருகிறேன் என்று சொல்லியிருந்தால் மாட்டேன் என்றிருப்பாள். உபகாரம் என்றதும் ஒப்புக்கொண்டாள். முதல் பக்கத்திலேயே ஒன்பது கோடு. எனக்குத் தெளிவு என்று பட்ட இடங்களில்தான் அதிகம். எண்டர் தட்டணும் என்று நான் எங்கேயுமே சொல்லவில்லையாம்.

படுக்கையறை, போர்வை, வியர்வை. சிவப்பு வட்டம் வந்தது. சீட்டுக் கணக்கு வந்தது. இன்ட் போடாமல் ஓட்டினேன். "பாருங்க, 100 கோடியே 10 ஆயிரம் வந்துடுச்சு. நிஜமாவே எனக்கு முதல் தடவை இப்படித்தான் வந்தது. உங்களுக்கும் வந்திருந்தா நீங்க தப்பா ஒண்ணும் செய்யலை. நான் சொல்ல மறந்ததைத்தான் நீங்க செஞ்சிருக்கீங்க. வாங்க, எங்கேன்னு தேடுவோம்" என்றேன். அந்தத் தேடலுக்கே நாலு நிமிஷம் ஆனது. எடிட் செய்கிற தம்பியிடம், இதில் ஒரு நொடியையும் எடுக்கக்கூடாது என்று சொல்லிவிட்டேன். விநோதமாகப் பார்த்தான்.

பெரிய அதிசயம் எதுவும் நடந்துவிடவில்லை. அந்தக் கோடு இன்னமும் மூன்றாவது பாடத்தில் கொஞ்சம் சரிகிறது. முன்போல் உருளவில்லை, அவ்வளவுதான். அக்கா மகள் பதினோராவது பாடத்தில் இருக்கிறாள். கல்யாணப் பேச்சை அவளாக எடுப்பதில்லை. போன வாரம் கடைக் கணக்கைக் கூட்ட ஒரு ப்ரோக்ராம் எழுதி, அப்பாவிடம் காட்டியிருக்கிறாள். அன்றைக்கு ஜெராக்ஸ் வரவு மட்டும் 7 லட்சம் என்று காட்டியதாம். அத்திம்பேர் ஆடிப்போயிருக்கிறார்.

"எங்கே தப்புன்னு கண்டுபிடிச்சுட்டியா?" என்று கேட்டேன்.

"நீங்க சொல்லாதீங்க மாமா. தேடிட்டிருக்கேன்" என்று சொல்லி போனை வைத்துவிட்டாள்.